சந்திரபானு வென்றிருந்தால்: ஈழத்து அரியணைக்கு வந்த சாவகனும் பாண்டியனும்

கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கான கதைப்போட்டிக்கு, நடக்காத வரலாறு ஒன்றை நடந்ததாக வைத்து எழுதப் போகிறாராம். கேள்வி இதுதான்: “1247-இல் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சந்திரபானு இலங்கையைப் பிடித்து, பிறகு வந்த பாண்டியனையும் விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் சார்? இலங்கை இன்று மலாய் பேசும் நாடாக இருக்குமா? கடாரத்தில் இருந்துகொண்டே ஆண்டிருப்பார்களா? என் கதாநாயகனை பீடோங்காரனாக வைக்கலாமா?”

மலாய் நாடாகியிருக்காது. கடாரத்திலிருந்தும், அதாவது நம் கெடாவிலிருந்தும், ஆண்டிருக்க மாட்டார்கள். மாறியிருக்கக்கூடியது யாழ்ப்பாணம். இன்னொன்று, வரலாற்றைத் திருப்ப நீங்கள் கை வைத்திருக்கும் ஆண்டு தப்பு, இடமும் தப்பு. கை வைக்க வேண்டிய இடம் இலங்கையிலேயே இல்லை. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். சந்திரபானு கடாரத்தரசன் இல்லை, தாம்பரலிங்கத்து அரசன். புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டி விடுமுறைக்கு ஹட்யாய் போகிறோமே, அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் கிழக்குக் கரையை ஒட்டி நக்கோன் சி தம்மராட் வரும். அதுதான் அவன் ஊர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்த்து மாதமாலிங்கம் என்று ஒரு பெயர் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தால் நினைவிருக்கும். அது இந்த நாடுதான். 1225-இல் சீன அதிகாரி சௌ ஜுகுவா எழுதிவைத்த குறிப்பில் இது ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடுகளில் ஒன்று. ஐந்தே வருடத்தில், 1230-ஆம் ஆண்டுச் சாய்யா கல்வெட்டில், சந்திரபானு தன்னைப் பத்ம வம்சத்தவன் என்றும் நீதியில் தர்மாசோகனுக்கு நிகரானவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். ஸ்ரீவிஜயம் தளர்ந்துபோன நேரம் பார்த்துத் தலைநிமிர்ந்தவன். கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம், அவன் சமயம் பௌத்தம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் ‘மலாய்க்கார அரசன்’ என்றதும் தலையில் தெங்கோலோக் கட்டிய சுல்தானைக் கற்பனை செய்துகொள்கிறோம். கதையில் அந்தப் படம் நுழைந்துவிட்டால் பிறகு எல்லாமே கோணலாகிவிடும்.

அடுத்து, அவன் குறிவைத்த அரியணை. அது அப்போதே பாதி உடைந்த அரியணை. 1212-இல் பராக்கிரம பாண்டியன் என்ற ஒருவன் பொலன்னறுவையைப் பிடித்து மூன்று வருடம் ஆண்டான். 1215-இல் கலிங்க மாகன் வந்து இறங்கினான். அவனோடு 24,000 வீரர்கள் என்று, பிக்குகள் எழுதிய இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கணக்குச் சொல்கிறது. பாண்டியனைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கிவிட்டு, மாகன் இருபத்தொரு வருடம் ஆண்டான். விகாரைகளை இடித்தான், ஏரிகள் பாழாயின என்று பிக்குகள் எழுதிவைத்த புலம்பல் பக்கம் பக்கமாக ஓடும். எழுதியவர்கள் அவன் கையில் அடிபட்டவர்கள் என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். சிங்கள அரசர்கள் தென்மேற்குப் பக்கம் ஒதுங்கினார்கள். புத்தரின் புனிதப் பல்லான தந்தத்தையும் அவரது பிட்சைப் பாத்திரத்தையும் கொத்மலை மலைக்காட்டில் மறைத்து வைத்திருந்து, பிறகு தம்பதெனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1236-இல் பட்டத்துக்கு வந்தவன் இரண்டாம் பராக்கிரமபாகு. நல்ல படிப்பாளி, கவிஞன்.

இந்தத் தந்தத்தையும் பாத்திரத்தையும் கதையில் விட்டுவிடாதீர்கள். யாரிடம் அவை இருக்கின்றனவோ அவனே இலங்கைக்கு அரசன் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. கோட்டையைப் பிடித்தாலும் பல்லைப் பிடிக்காதவன் வெறும் கொள்ளைக்காரன்தான். மாகனுக்கு அந்தக் கதிதான் வந்தது. இருபத்தொரு வருடம் ஆண்டும் சூளவம்சத்தில் அவனுக்குக் கிடைத்த பெயர் கொடுங்கோலன்.

1247, பராக்கிரமபாகுவின் பதினோராம் ஆட்சியாண்டு. சாவகப் படை, அதாவது சந்திரபானுவின் மலாய்ப் படை, கரையிறங்குகிறது. “நாங்களும் புத்தர் வழிப்பட்டவர்கள்தான்” என்று சொல்லிக்கொண்டு வஞ்சகமாக வந்தார்கள் என்கிறது சூளவம்சம். நஞ்சு தோய்த்த அம்புகளால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் துன்புறுத்தினார்கள் என்றும் சொல்கிறது. இந்த இடத்தில் நம் ஊர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. பாலிங் பக்கத்து ஓராங் அஸ்லி மக்களின் ஊதுகுழலை, அந்தச் சும்பிட்டை, நேரில் பார்த்திருப்பீர்கள். அதன் ஊசிமுனையில் தடவுவது ஈப்போ மரத்தின் பால். மரத்தின் பட்டையில் சாய்வாகக் கீறி, வடிகிற பாலை எடுத்துத் தீயில் வற்றவைப்பார்கள். நம் தாத்தா பாட்டி வெட்டிய ரப்பர் மரத்துப் பால் மாதிரிதான் அதுவும் வடியும், ஆனால் வற்றியதும் கறுத்துக் கீல் போலாகிவிடும். உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பு நின்றுபோகும். சூளவம்சம் சொல்வது அம்பு, ஊதுகுழல் அல்ல. ஆனாலும் நஞ்சு இந்தக் காட்டிலிருந்து போனதாக எழுதினால் அது கதைக்காரனின் நியாயமான துணிச்சல். குழப்பிக்கொள்ளாமல் அம்பாகவே எழுதுங்கள்.

அந்த முதல் படையெடுப்பை அரசனின் மருமகன் வீரபாகு முறியடித்தான். சந்திரபானு ஊர் திரும்பவில்லை. வடக்கே போய் யாழ்ப்பாணப் பக்கத்தில் காலூன்றினான் என்பதே ஆய்வாளர் பலர் கொள்ளும் முடிவு. ஏற்கெனவே மாகன் ஆட்கள் பரவியிருந்த நிலம் அது. ஆக, தெற்கில் சிங்கள அரசன், வடக்கில் சாவகன். இருவரையும் மதுரையிலிருந்து மூன்றாமவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாமவன் என்றேன், உண்மையில் அவர்கள் இருவர். 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஒருவன், அவனோடு சேர்ந்து ஆண்ட சடையவர்மன் வீரபாண்டியன் மற்றவன். 1258 வாக்கில் பாண்டியர் கை இலங்கைக்கு நீண்டது. சந்திரபானு திறை கட்டினான். யானைகளும் மணிகளும் கொடுத்தான். சில வருடம் பொறுத்துக்கொண்டு, 1262 வாக்கில் மறுபடி எழுந்தான். இந்த இரண்டாவது முயற்சிதான் சுவையானது. இந்தத் தடவை அவன் படையில் சாவகர்கள் மட்டும் இல்லை. பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் ஆள் திரட்டினான் என்கிறது சூளவம்சம். தமிழ்ப் படையோடு மன்னார்க் கரையில் மாதோட்டத்தில் இறங்கி, யாப்பகூவா மலைக்கோட்டை வரை வந்து, தூதும் அனுப்பினான்: திரிசிங்களத்தை, அதாவது இலங்கை முழுவதையும், நான் எடுத்துக்கொள்வேன், உனக்கு விடமாட்டேன், தந்தத்தையும் பாத்திரத்தையும் அரசையும் கொடுத்துவிடு, இல்லையேல் போருக்கு வா. அரியணை கேட்பதற்கு முன்னால் பல்லைக் கேட்கிறான், கவனியுங்கள். பதினைந்து வருடத்தில் அந்த நாட்டின் அரசியலை நன்றாகவே படித்துவிட்டிருக்கிறான்.

பராக்கிரமபாகுவின் மகன் விஜயபாகுவும் வீரபாகுவும் சேர்ந்து அவனைத் தோற்கடித்தார்கள். சிங்கள நூல்களில் கதை அதோடு முடிகிறது. பாண்டியன் பேச்சே அங்கில்லை. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் கல்வெட்டைப் படித்தால்தான் மற்றப் பாதி தெரியும். வீரபாண்டியன் கடல் கடந்து வந்தான். சாவகனைக் கொன்றான். முடியும் அரியணையும் பொருளும் கொண்டான். கோணமலையிலும் திரிகூடகிரியிலும் கயல்கொடி நட்டான். பிறகு என்ன செய்தான்? அடங்காமல் இருந்த சாவகன் மகன் பணிந்து வந்ததும், அவனுக்கு வீரக்கழல் அணிவித்து, அப்பன் ஆண்ட நாட்டையே ஆள அனுப்பிவைத்தான்.

அப்பனைக் கொன்றுவிட்டு மகனை எதற்கு உட்கார வைக்க வேண்டும்? தம்பி, உங்கள் கதையின் முடிச்சு இங்கேதான். பாண்டியனுக்கு இலங்கை அரியணை வேண்டியிருக்கவில்லை. மன்னார்க் கரையின் முத்து வேண்டும், யானை வேண்டும், கடல் வழி வேண்டும். இவற்றை ஒழுங்காகக் கட்டிவிடும் ஒருவன் வடக்கே இருந்தால் போதும். அவன் சாவகனாக இருந்தால் தெற்கே சிங்கள அரசனோடு ஒட்டமாட்டான், அது இன்னும் நல்லது. அரியணைக்காக வந்தவன் ஒருவன், அரியணை யாருக்கும் முழுசாகக் கிடைக்கக்கூடாது என்று வந்தவன் மற்றவன். முதலாமவன் ஒவ்வொரு தடவையும் வென்றாக வேண்டும். இரண்டாமவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இப்போது தூரத்தைப் பாருங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். நம் கரையிலிருந்து இலங்கைக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அதுவும் நினைத்தபோது போகமுடியாது. வடகிழக்குப் பருவக்காற்றில் இங்கிருந்து அங்கே போகலாம், தென்மேற்குக் காற்றில் அங்கிருந்து இங்கே வரலாம். சந்திரபானு ஆள் அனுப்பச் சொல்லி ஓலை விட்டால், ஓலை ஒரு காற்றுக்கு வரும், ஆட்கள் அடுத்த காற்றுக்குப் போவார்கள். ஒரு வருடம் கழிந்துவிடும். போதாக்குறைக்கு, அவன் தலைநகர் கிழக்குக் கரையில். மேற்குக் கரைக்குப் படையை நடத்திக் கொண்டுவந்த பிறகே கப்பல். பாண்டியன் படையோ காலையில் பாய் விரித்தால் சாயங்காலம் கரையில் நிற்கும்.

அதனால்தான் அவன் இரண்டாவது முறை தமிழ்ப் படையைக் கூலிக்கு அமர்த்தினான். வேறு வழியில்லை. ஆனால் யாருடைய ஆட்களை வைத்துப் போர் செய்கிறானோ, அந்த ஆட்களின் ஊரை ஆள்கிறவன் பாண்டியன். திறையை நிறுத்திவிட்டு, பாண்டிய நாட்டு வாளையே நம்பிப் போரில் இறங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்? எனவே 1247-இல் வீரபாகு தோற்று, சந்திரபானு தம்பதெனியாவில் தந்தத்தோடு உட்கார்ந்திருந்தாலும், 1258-இல் வாசலுக்கு வந்து நிற்பவன் அதே பாண்டியன். உங்கள் கதை பதினோரு வருடம் நீளும், அவ்வளவுதான்.

அப்படியானால் பாண்டியனை வரவிடாமல் செய்வது எப்படி? கடலில் தேடாதீர்கள். காவிரிக்குப் போங்கள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, சமயபுரத்தை ஒட்டி, கண்ணனூர் என்ற ஊரில், கன்னட நாட்டுப் போசள மன்னன் சோமேசுவரன் தலைநகர் அமைத்துத் தமிழ்நாட்டின் நடுவில் குந்தியிருந்தான். சுந்தரபாண்டியன் கண்ணனூரைப் பிடித்துப் போசளரை விரட்டினான். சோமேசுவரன் விடாமல் திரும்பி வந்து 1262 வாக்கில் சண்டையில் உயிரைவிட்டான். அந்த வெற்றிக்குப் பிறகு பாண்டியனுக்கு வடக்கே முதுகில் குத்த ஆளில்லை. சோழன் மூன்றாம் இராசேந்திரன் பெயரளவுக்கு இருந்தான். வந்த செல்வத்தில் சுந்தரபாண்டியன் ஸ்ரீரங்கத்தில் பொன் வேய்ந்தான். காவிரியில் ஒரு படகில் யானைமேல் தான் அமர்ந்து, இன்னொரு படகில் அதே அளவுக்கு நீர் ஏறும்வரை பொன்னை ஏற்றி, அத்தனையையும் கோயிலுக்குக் கொடுத்தான் என்று ஸ்ரீரங்கக் கோயில் வரலாறான கோயிலொழுகு சொல்கிறது. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்குக் கை நிறைந்திருந்தது.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணனூர் 1262 வாக்கில், சந்திரபானுவின் இரண்டாவது படையெடுப்பும் அதே சமயத்தில். சோமேசுவரன் சாகாமல், பாண்டியன் அங்கே விழுந்திருந்தால்? வீரபாண்டியன் கடல் கடக்க மாட்டான். மதுரையைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருப்பான். தலைவன் இல்லாத தமிழ்ப் படையாட்கள் கூலி கொடுப்பவனைத் தேடி மாதோட்டத்துக்குத்தான் வருவார்கள். சந்திரபானுவுக்குப் பாக்கி இருப்பது யாப்பகூவாச் சண்டை ஒன்றுதான். அதற்குக்கூட பெரிய அற்புதம் தேவையில்லை. எதிரே பராக்கிரமபாகு நோயாளி, பொறுப்பு மகனிடம் போயிருந்த நேரம். இந்தக் கிளையை நான் நம்புவேன். 1247 கிளையை நம்பமாட்டேன்.

சரி, வென்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு?

தந்தத்தை வாங்கிய நாளிலிருந்து அவன் சிங்கள அரசனாக மாறத் தொடங்குவான். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1187-இல் பட்டத்துக்கு வந்த நிசங்கமல்லன் தன்னைக் கலிங்கத்தான் என்று ஊரெல்லாம் கல்லில் வெட்டிப் பெருமை பேசியவன். அந்தக் கல்வெட்டுகள் சிங்களத்தில்தான் இருக்கின்றன. பிக்குகள் ஏற்றுக்கொண்டால் போதும். ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் விகாரை கட்டவேண்டும், ஏரி வெட்டவேண்டும், மகனுக்கு அங்கேயே பெண் எடுக்கவேண்டும். பேரன் தாத்தா ஊரைக் கேட்டால் கிழக்கே கையைக் காட்டுவான். மொழி மாறுவதற்குக் குடியேற்றம் வேண்டும், ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வரவேண்டும். இங்கே வந்தவர்கள் போர்வீரர்கள். ஆகவே இலங்கை மலாய் நாடாகியிருக்காது.

யாழ்ப்பாணம் வேறு கதை. நடந்த வரலாற்றில் சாவகன் மகனுக்குப் பிறகு பாண்டியர் வடக்கே அனுப்பிய ஆள் ஆரியச் சக்கரவர்த்தி. 1284 வாக்கில் யாப்பகூவாவைத் தாக்கி, அந்தத் தந்தத்தையே மதுரைக்கு எடுத்துப்போய் மாறவர்மன் குலசேகரனிடம் கொடுத்தவன். மூன்றாம் பராக்கிரமபாகு மதுரைக்கே நேரில் போய்த்தான் அதைத் திரும்பப் பெற்றான். அந்தச் சக்கரவர்த்திகள் வழிதான் யாழ்ப்பாணத் தமிழரசு தழைத்தது. பாண்டியன் வராத உங்கள் கிளையில் ஆரியச் சக்கரவர்த்தியும் இல்லை. தமிழர் அங்கே அதற்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருப்பார்கள். அந்தக் கிளையிலும் ஊரில் தமிழ் ஒலிக்கும், ஆனால் தமிழுக்கென்று ஒரு முடியும் கொடியும் இருந்திருக்குமா என்பதே கேள்வி. நம் தோட்டங்களில் கிராணிமாராக இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் கேட்டால் சாவகச்சேரி என்று ஊர்ப்பெயர் சொல்வார்கள். சந்திரபானுவின் ஆட்கள் விட்டுப்போன தடம் அந்தப் பெயரில் இருக்கிறது என்பது பரவலான கருத்து. உங்கள் கதையில் அது ஓர் ஊராக நிற்காமல் தலைநகராகலாம்.

அவன் சொந்த ஊர் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நல்ல படையைக் கடலுக்கு அப்பால் வீணாக்கியதற்குத் தாம்பரலிங்கம் விலை கொடுத்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வடக்கே எழுந்த தாய் அரசான சுகோதையின் செல்வாக்கு அதை மூடிவிட்டது. 1292-ஆம் ஆண்டு என்று சொல்லப்படும் சுகோதை அரசன் ராம்காம்ஹேங்கின் கல்வெட்டில், நக்கோன் சி தம்மராட்டிலிருந்து சுகோதைக்குப் போன பெரிய தேரரைப் பற்றிய பேச்சு வருகிறது. சந்திரபானு இலங்கையில் வென்றிருந்தால் இது தள்ளிப்போயிருக்காது, இன்னும் சீக்கிரமாகவே நடந்திருக்கும். இரண்டு அரியணைக்கு நடுவே 2,000 கிலோமீட்டர் கடலை வைத்துக்கொண்டு இரண்டிலும் உட்கார முடியாது. ஒன்றை மகனுக்கோ எதிரிக்கோ விட்டே ஆகவேண்டும்.

கடைசியாகக் கதாநாயகன். தாராளமாக பீடோங்காரனாக வையுங்கள், ஆனால் கடாரத்தை படை புறப்பட்ட இடமாக்காதீர்கள். வணிகத்துறையாகவே இருக்கட்டும். அந்தக் காலத்தில் சுறுசுறுப்பாக இருந்தது பெங்காலான் பூஜாங். சொங், யுவான் காலத்துச் சீனப் பீங்கான் உடைசல்கள் அங்கே ஆற்றங்கரையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உங்கள் பையன் அந்தத் துறையில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன், தமிழ் வணிகரிடம் தமிழும் மற்றவரிடம் மலாயும் பேசுகிறவன் என்று வைத்தால், படைக்கு மொழி பெயர்க்க அவனைப் பிடித்துக்கொண்டு போக நல்ல காரணம் கிடைக்கும். இரண்டாவது படையெடுப்பில் சாவகத் தளபதிக்கும் தமிழ்ப் படையாட்களுக்கும் நடுவில் நிற்க அப்படி ஒருவன் கட்டாயம் தேவைப்பட்டிருப்பான். கப்பலை மட்டும் ஜூலையில் ஏற்றிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஏற்றுங்கள்.